விளக்கோடு ஓடிவருகிறவள்

கொச்சி
11.06.2023

அன்புள்ள வசந்தா அத்தைக்கு நந்தினி எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நைனா சக்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

வீட்டில் இருப்பது ஒரே போன், அதை எடுப்பது நைனா. போன வருஷம் ஒருமுறை கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அதனால்தான் நீ வேலை செய்கிற அங்கன்வாடி விலாசத்துக்குக் கடிதமாக எழுதுகிறேன்.

இங்கே எறா ஓடு உரிக்கிற கம்பெனியில் இருக்கிறேன். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. நகக்கண் எல்லாம் வெந்துபோயிருக்கிறது. மற்றபடி ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு.

நடந்ததைப் பற்றி நீயும் நானும் ஒருநாளும் பேசவில்லை. ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அன்றைக்குப் பாடு யாருடையது, அந்த இடத்தில் வலை போட எந்த ஊருக்கு முறை என்று நம் குப்பத்துக்கும் அக்கரைக் குப்பத்துக்கும் ஏரியில் சண்டை வந்தது. அக்கரைத் தனக்கோடியை நம் விக்கி துடுப்பால் அடித்ததை நான் கரையில் நின்று பார்த்தேன். தனக்கோடி செத்துப்போனார். ஊர் கூடி, அடித்தது சிவசங்கர் என்று போலீசில் சொல்ல முடிவு செய்தது. காட்டூரிலிருந்து கூலிக்கு வந்தவன், கேட்க ஆள் இல்லாதவன். அவனை ஜீப்பில் ஏற்றும்போது என்னைத்தான் பார்த்தான். கண்ணால் கண்டதை நான் கோர்ட்டில் சொன்னேன். அவன் வெளியே வந்தான், என் தம்பி விக்கி ஆயுள் தண்டனைக்குப் போனான். ஊர் என்னை விலக்கிவைத்தது. நைனா ஊர் முன்னால், "இவ என் பொண்ணே இல்ல"னு சொல்லிவிட்டு என் துணிப்பையை வாசலில் வைத்தார். நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் தூக்கம் வருவதில்லை.

இப்போது எழுதக் காரணம் வேறு. போன ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் பெண்களோடு ஒரு தமிழ்ப் படத்துக்குப் போனேன். படத்துக்கு முன்னால் கரைவிளக்கு பிக்சர்ஸ் என்று கம்பெனியின் லோகோ வந்தது. எட்டு வயசு நந்தினி அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஏரித் தண்ணீரில் ஓடி வந்தாள். அது நான்தான் என்று பக்கத்தில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. நம் வீட்டு ஆள் ஒருத்தரைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது. பார்த்தது என்னையே.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
நந்தினி


பழவேற்காடு
05.07.2023

நந்தினிக்கு அத்தை எழுதுவது.

நானும் உன் நைனாவும் இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உன் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவு.

உன் கடிதத்தைப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு கரைத்துக் கொடுத்த பிறகு படித்தேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னோடு பேச்சு வைத்துக்கொள்கிற வீட்டுக்குப் பாடு கிடையாது என்று தமிழ்வாணன் ஊர்த் தலைவரான அன்றே சொல்லிவிட்டார். பாடு போனால் நாங்கள் சாப்பிடுவது எப்படி? அடிக்கடி எழுதாதே. எழுதினால் வேறு யார் பேராவது போட்டு அனுப்பு.

அந்தப் படம் பிடித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் அம்மா ஜெயம்மா உயிரோடு இருந்த கடைசிக் கோடை. மெட்ராஸிலிருந்து வேன் வந்தது. குப்பத்துப் பெண் பிள்ளைகளையெல்லாம் வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடின. நீ ஒருத்திதான் சிரிக்காமல் ஓடினாய். "இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு இப்டி ஓடுது, வீடு பத்திக்கிச்சா"னு அந்த டைரக்டரே கேட்டார். உன்னைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.
அத்தை வசந்தா


கொச்சி
16.07.2023

அன்புள்ள அத்தை,

உன் எழுத்தைப் பார்த்ததே போதும். எண்ணெய் தடவினேன், கொஞ்சம் தேவலை. நீயும் முழங்காலுக்குத் தடவிக்கொள்.

நான் சிரிக்காமல் ஓடியது ஏன் தெரியுமா? கேமராவுக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நைனா நின்றிருந்தார். அவர்கள் ஏறியிருந்த படகு ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். விளக்குக் கண்ணாடி கையைச் சுட்டது. "அம்மாடி, கீழ போட்டுடாத, என்ட்ட எடுத்துனு வா"னு அவர் சொன்னார். திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள், ஒவ்வொரு முறையும் அவரிடம்தான் ஓடினேன். கட்டிவிட்ட பட்டுப் பாவாடையைச் சாயங்காலம் அவிழ்த்து வாங்கிக்கொண்டார்கள். அதற்காக அழுதேன்.

என் அறையில் ரிஃபா என்று ஒரு பெண் இருக்கிறாள். சினிமாப் பைத்தியம். அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் போனில் தேடி ஒரு வீடியோவைக் காட்டினாள். அந்தக் கம்பெனியின் லோகோக்களை யாரோ முதலிலிருந்து வரிசையாகச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். இதற்கெல்லாம் ஆள் இருக்கிறது அத்தை. முதல் படத்தில் நான் ரொம்ப தூரம் ஓடி வருகிறேன். பின்னால் நிஜப் பூநாரைகள் எழும்பிப் பறக்கின்றன. அப்புறம் வந்த படங்களில் ஓட்டத்தைப் பாதியாக வெட்டி, தண்ணீருக்குத் தங்க நிறம் பூசியிருக்கிறார்கள். பறவையெல்லாம் கம்ப்யூட்டர் பறவை. ஒரு காமெடிப் படத்துக்கு மட்டும் என்னை ஒரு நாய் துரத்துகிறது. முதலாளியின் அப்பா இறந்த வருஷம் சத்தமே இல்லாமல், கறுப்பு வெள்ளையில் ஓடுகிறேன். மற்றபடி கடைசியில் விளக்கைத் தலைக்கு மேலே தூக்குவதும், அதிலிருந்து கம்பெனி பேர் வருவதும், அந்தப் புல்லாங்குழலும் மாறவே இல்லை.

வீடியோவுக்குக் கீழே ஒருவர், இந்தக் குழந்தை யார், இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். சுனாமியில் செத்துவிட்டாள் என்று இன்னொருவர் பதில் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே நிறையப் பேர் கும்பிட்டிருக்கிறார்கள். ரிஃபா மறுப்பு எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நைனாவைப் பற்றி இரண்டு வரியாவது எழுது.

நந்தினி


பழவேற்காடு
22.09.2023

நந்தினிக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்குக் காரணம் எழுதலாமா வேண்டாமா என்று இருந்ததுதான்.

உன் நைனா பொன்னேரிக்கு வலை நூல் வாங்கப் போகிறேன் என்று போவார். நூலும் வாங்கி வருவார். அதனால் நான் சந்தேகப்படவில்லை. போன வருஷம் அங்கன்வாடி கூட்டத்துக்கு நான் பொன்னேரி போனபோது, சினிமா கொட்டகை வரிசையில் அவர் நின்றிருந்தார். சினிமாவே பிடிக்காத மனுஷன். நானும் டிக்கெட் எடுத்துப் பின்னால் போய் உட்கார்ந்தேன். சிகரெட் பிடிக்காதே என்று போட்டார்கள், சென்சார் சர்டிபிகேட் போட்டார்கள், படத்தில் பங்கு போட்ட யாரோ ஒரு முதலாளி தன் அப்பா போட்டோவுக்கு மாலை போட்டுக் காட்டினார். அப்புறம் நீ வந்தாய். விளக்கைத் தூக்கினாய். பேர் வந்ததும் உன் நைனா எழுந்து, உட்கார்ந்திருந்தவர்கள் காலை மிதித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன், "பெரியவரே, படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே"னு கேட்டான்.

"நான் பாக்க வேண்டியத பாத்தாச்சு"னு போய்க்கொண்டே இருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் போய்ப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. பஸ் ஏறி உட்கார்ந்ததும், "என்னப் பாத்துதான ஓடியாறா"னார். அவ்வளவுதான். உன் பேரைச் சொல்லவில்லை.

அந்தக் கம்பெனி படம் வந்தால் போதும், போகிறார். இப்போதெல்லாம் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார். இது ஊருக்குத் தெரியாது. நீயும் தெரிந்த மாதிரி காட்டாதே.

அத்தை


கொச்சி
30.10.2023

அன்புள்ள அத்தை,

நான் நலம். உன் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன், அடுப்பில் போட மனசு வரவில்லை. நைனா நூல் வாங்கப் போகும்போது வெயிலில் நடக்கவிடாதே.

ஒரு விஷயத்தை உடனே சொல்ல வேண்டும். கரைவிளக்குக்காரர்கள் இப்போது ஒரு பேய்ப் படம் எடுத்திருக்கிறார்கள். அதற்காக லோகோவையும் மாற்றியிருக்கிறார்கள். நான் ஓடி வரும்போது விளக்கு அணைகிறது. முகம் கிட்டத்தில் வரும்போது எனக்குக் கண் இல்லை. கண் இருக்கிற இடத்தில் இரண்டு குழி. கொட்டகையில் எல்லாரும் கத்தினார்கள், அப்புறம் சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, அவர்கள் எடுத்த படம், அவர்கள் சொத்து. ஆனால் நைனா அதைப் பார்க்கக் கூடாது. அந்தப் படத்துக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகாதே. ஏதாவது பொய் சொல்லு.

நந்தினி


பழவேற்காடு
02.12.2023

நந்தினிக்கு அத்தை எழுதுவது. மழை விட்டது, சளி விடவில்லை. நீ குளிர்ந்த தண்ணீரில் நிற்கிறவள், காலுக்கு ஏதாவது போட்டுக்கொள்.

அடைமழையில் தபால் வராமல் உன் கடிதம் பிந்தி வந்தது. அதற்குள் போய்விட்டோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டம் கத்தியது. உன் நைனா, "இன்னா ஆச்சு, ஏன் எல்லாரும் கத்தறாங்க"னு கேட்டார். "பேய்ப் படம்தான, அதான்"னேன். "அவ வந்துட்டுப் போயிட்டாளா"னு கேட்டார். போய்விட்டாள் என்றேன். எழுந்து வந்துவிட்டோம். நீ கவலைப்படாதே.

போன வாரம் விக்கியைப் பார்க்க ஜெயிலுக்குப் போனேன். இளைத்திருக்கிறான். தலையில் பாதி நரை, இந்த வயசில். அப்பீலும் தள்ளிப்போய்விட்டது. உள்ளே டிவியில் எப்போதாவது படம் போடுவார்களாம். இந்தப் பேய்ப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். நானாக எதுவும் கேட்கவில்லை. கிளம்பும் நேரத்தில் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அத்த, அக்கா மூஞ்சிய இன்னா பண்ணி வச்சிருக்கானுங்க பாத்தியா"னான். தீர்ப்பு வந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து அக்கா என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அதோடு நேரம் முடிந்துவிட்டது. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. எழுத வேண்டும் என்று தோன்றியது.

அத்தை


பழவேற்காடு
21.01.2024

நந்தினிக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போனது. உனக்கு அங்கே யாராவது பொங்கல் கொடுத்தார்களா?

கரைவிளக்கு கம்பெனியின் பொங்கல் படத்துக்குப் போய்வந்தோம். பழையபடி நல்ல முகமாகவே காட்டினார்கள். நீ ஓடி வந்தாய், பறவை பறந்தது, விளக்கைத் தூக்கினாய். உன் நைனாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். திரும்பும்போது எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை


கொச்சி
29.01.2024

அத்தை,

இங்கே எல்லாம் நலம். அங்கே நலமில்லை என்று நினைக்கிறேன்.

அதே பொங்கல் படத்தை நானும் பார்த்தேன். அதில் நான் இல்லை. கம்பெனி மகன் கைக்குப் போய்விட்டதாம், லோகோவையே மாற்றிவிட்டார்கள் என்று ரிஃபா சொன்னாள். இப்போது வருவது கம்ப்யூட்டரில் செய்த கலங்கரை விளக்கம். அது சுற்றுகிறது, பேர் வருகிறது. ஏரி இல்லை, பறவை இல்லை, ஓடி வர ஆளும் இல்லை. புல்லாங்குழல் மட்டும்தான் பழையது.

நைனா எதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்? பேய்ப் படத்தில் எல்லாரும் கத்தியபோது ஏன் கத்துகிறார்கள் என்று உன்னை ஏன் கேட்டார்?

மறைக்காமல் எழுது.

நந்தினி


பழவேற்காடு
10.03.2024

நந்தினிக்கு அத்தை எழுதிக்கொள்வது.

நலம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை, நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் நைனாவுக்குக் கண் போய்விட்டது. சக்கரையால் வந்தது. போன வருஷத் தொடக்கத்தில் மங்கலாக ஆரம்பித்தது, மழைக்காலத்துக்குள் இரண்டும் போய்விட்டது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார்கள்.

யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வலை போட முடியாதவனுக்கு ஏரியில் பங்கு இல்லை என்பது நம் ஊர்க் கட்டு. விக்கி இருந்தால் அவன் பேருக்கு மாற்றலாம். அவன் இல்லை. கண் இல்லை என்று தெரிந்த அன்றே பாடு போய்விடும். நான் வாங்குகிற சம்பளம் அவர் மாத்திரைக்கே போதாது.

எப்படிச் சமாளிக்கிறோம் என்று கேட்பாய். சிவசங்கர் வருகிறான். நீ காப்பாற்றிய அதே சிவசங்கர்தான். யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் காலையில் படகுகிட்டே வந்து நின்றான். "அண்ணே, நீங்க முன்னால குந்துங்க, வலைய நான் பாத்துக்கறேன்"னான். உன் நைனா ஏறி உட்கார்ந்தார். அவர் தெம்மாங்கு பாடிக்கொண்டே போவார், பார்க்கிறவர்களுக்கு அவர்தான் படகு ஓட்டுகிற மாதிரி இருக்கும். கரையில் வழியெல்லாம் அவருக்குக் கால் பழக்கம்.

சினிமாவுக்கு என்னைக் கூட்டிப்போவதும் அதற்குத்தான். புல்லாங்குழல் கேட்டதும், "எங்க இருக்கா"னு கேட்பார். நான் சொல்லிக்கொண்டே வருவேன். பொங்கல் படத்தில் அந்தக் கட்டடம் சுற்றியபோது எனக்கு நாக்கு எழவில்லை. "விளக்கத் தூக்கிட்டாளா"னார். தூக்கிட்டா என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது, நீயே சொல்லு.

அத்தை வசந்தா


கொச்சி
28.03.2024

அன்புள்ள அத்தை,

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீயும் சாப்பிட்டுத் தூங்கு.

சித்திரையில் அவர்களுடைய அடுத்த படம் வருகிறது. முதல் நாள் மேட்னிக்கு நைனாவைக் கூட்டிக்கொண்டு வா. நானும் வருகிறேன். பழவேற்காட்டுக்கு வர மாட்டேன், பொன்னேரியோடு திரும்பிவிடுவேன். பேச மாட்டேன், தொட மாட்டேன். பின்னால் எங்கேயாவது உட்கார்ந்துகொள்கிறேன். வேண்டாம் என்று பதில் எழுதாதே. எழுதினாலும் வருவேன்.

நந்தினி


கொச்சி
20.04.2024

அன்புள்ள அத்தை,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நைனாவும் நீயும் பத்திரமாக வீட்டுக்குப் போனீர்களா? அந்தக் கவலையாகவே இருக்கிறது.

பின்னால் உட்காருகிறேன் என்று சொன்னவள்தான். விளக்கை அணைத்ததும் கால் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, வந்து உட்கார்ந்துவிட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டதை இருட்டிலும் பார்த்தேன். நைனா ரொம்ப மெலிந்துவிட்டார். சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருக்கிறது. கைப்பிடியில் இருந்த முழங்கையை எடுத்து எனக்கு இடம் விட்டார். யாரோ வந்திருக்கிறார்கள் என்று விட்டிருப்பார்.

புல்லாங்குழல் கேட்டதும் அவர் உன் பக்கம் சாய்ந்து கேட்டது எனக்கும் கேட்டது.

"எங்க இருக்கா?"

"இதோ, வந்துட்டே இருக்கா."

"விளக்கத் தூக்கிட்டாளா?"

"தூக்கிட்டா."

திரையில் அந்தக் கலங்கரை விளக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு நேராக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல உடனே எழுந்திருக்கவில்லை, கவனித்தாயா? படம் கொஞ்சம் ஓடிய பிறகுதான் எழுந்தார்.

நான் வெளியே வந்தபோது பாப்கார்ன் கடைப் பக்கத்தில் நம் குப்பத்து அஜித்குமார் நின்றான். என்னைப் பார்த்தான், அப்புறம் உங்களைப் பார்த்தான். நான் முக்காடு போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அவன் சொல்லாமல் இருக்க வேண்டும்.

உடனே இரண்டு வரி எழுது.

நந்தினி


பழவேற்காடு
19.06.2024

நந்தினிக்கு அத்தை எழுதுவது.

உயிரோடு இருக்கிறோம். உன் கடிதம் கைக்கு வந்த அன்றே ஊர்க்கூட்டம் வைத்துவிட்டார்கள். அப்புறம் எழுத நேரமில்லை, மனசும் இல்லை.

அஜித்குமார் சொல்லிவிட்டான். கோயில் முன்னால் கூப்பிட்டு உன் நைனாவை நிறுத்தினார்கள். சிவசங்கர் கையைப் பிடிக்கப் போனான், தட்டிவிட்டுத் தானாகவே நடந்து போய் நின்றார்.

தமிழ்வாணன் கேட்டார், "ஆதிநாராயணா, பொன்னேரி தேட்டர்ல உன் பொண்ணு உன் பக்கத்துல குந்தினு இருந்தாளா இல்லியா?"

இவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஒரு வார்த்த போதும்பா. அவ என் பொண்ணு இல்ல, எனக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லன்னு ஊர் முன்னாடி திருப்பிச் சொல்லிடு. உன் பாடு உனக்கே இருக்கும். இது ஒண்ணும் உனக்குப் புதுசு இல்லியே."

நீ சாட்சி சொல்லிவிட்டு வந்த அன்று அதே இடத்தில் நின்று அவர் சொன்ன வார்த்தைதான். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், சொல்லிவிட வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். அரிசிப் பானை என் கண் முன்னால் நின்றது.

உன் நைனா தொண்டையைச் செருமிக்கொண்டார். "பக்கத்துல யார் குந்தினாங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்? எனக்குத்தான் கண்ணே தெரியாதே. ரெண்டு கண்ணும் போயி ஆறேழு மாசம் ஆவுது. வேணும்னா வெளக்கு கொளுத்திக் காட்டிப் பாருங்க"னார்.

தமிழ்வாணன் எழுந்து வந்து இவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் போய் உட்கார்ந்து, ஊர்க் கட்டு என்னவோ அதைச் சொன்னார். பாடு போய்விட்டது. படகை விற்றுவிட்டோம். சிவசங்கர் வேறு படகில் கூலிக்குப் போகிறான். வரும்போது கொஞ்சம் மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். இரண்டு வேளை சமைக்கிறேன். சில நாள் ஒரு வேளை. உன்னிடம் மறைத்துப் பிரயோஜனம் இல்லை. சினிமாவுக்கு இனி போவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். விக்கிக்கு இன்னும் எதையும் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கோபத்தில், "ஒரு பொய்ய சொல்லித் தொலைச்சிருந்தா இன்னா"னு கத்தினேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சோறு போட்டுத் தட்டைக் கையில் கொடுத்தேன். பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. "வசந்தா, அன்னிக்கு அவ சாப்ட்டுட்டுப் போனாளா"னு கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். அதிலிருந்து தினமும் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்கிறார். நீ அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினாயா என்று உடனே எழுது. அவருக்குச் சொல்ல வேண்டும்.

அத்தை வசந்தா